டிக்கெட் இல்லாத சொற்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மைத்துனன் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கீழே வெங்காய மண்டி, மேலே நாங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கப் போகும்போதே படியில் ஒருவர் காத்திருப்பார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவார்: ரூம் இன் மைசூர். பிறகு கையைக் கட்டிக்கொள்வார். அந்தக் காலத்து மோடம் கனைத்து, இழுத்து, கீச்சிட்டு ஒரு வழியாக லைன் கிடைத்ததும், திரையில் மேலிருந்து கீழாக ஒரு பட்டியல் மெதுவாக இறங்கும்.

"ஒண்ணாம் பிளாட்பாரம்" என்பார். எழுந்து போய்விடுவார்.

அவ்வளவுதான். அந்த ஒரு தகவலுக்காக விஜயநகரிலிருந்து வந்து போவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடை திறப்பதில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

அவருடைய வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருந்தன. யோகா கற்கவும் அரண்மனை பார்க்கவும் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். அதற்காக என் மைத்துனன் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தான். அப்போது இணையத்தில் தேடித் தரும் தளங்கள் பல இருந்தன. பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் போகிற ஒன்றில், மைசூரில் அறை தேடினால் முதலில் வருவது இவர் வீடு. பெரிய ஓட்டல்களெல்லாம் அதற்குக் கீழே. காரணம் தன் வீட்டின் சுத்தம் என்று அவர் நம்பினார். மாடிப்படித் திருப்பத்தில் தான் வைத்த பிள்ளையார் என்று அவர் மனைவி நம்பினார். என் மைத்துனனுக்கு உண்மைக் காரணம் தெரியும். யாரும் கேட்காததால் அவனும் சொல்லவில்லை.

நான் அங்கே வந்து சேர்ந்தது பிற்பாடு. சென்னையில் ஒரு பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தேன். பத்திரிகை மூடப்பட்டது. மனைவியின் ஊர் மைசூர். மைத்துனன் ஒரு நாற்காலி கொடுத்தான். அவன் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. அவனுடைய வாக்கியங்கள் உற்சாகமாகத் தொடங்கும். முடிய வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு இருக்காது.

ஒரு நாள் காலை பரிசோதகர் பட்டியலைப் பார்த்தார், பிளாட்பாரத்தைச் சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சைட்டை மாத்தணும்" என்றார்.

"ஏன் சார், ஒண்ணாம் பிளாட்பாரத்துலதானே நிக்குது?" என்றான் மைத்துனன்.

"ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் ரூம் விடறார். அவரோட சைட்டைப் பாத்தேன். குத்துவிளக்கு எரியுதுப்பா. நெஜமாவே சுடர் ஆடுது. நம்மளது வெள்ளை வெளேர்னு ஆஸ்பத்திரி பெட்ஷீட் மாதிரி இருக்கு."

"அது அனிமேஷன் சார். நாமளும் போடலாம். யானை வேணுமா? நடக்கிற யானை ஒண்ணு இருக்கு எங்கிட்ட. காது கூட அசையும்."

"யானை வேணாம். விளக்கும் வேணாம், காப்பியடிச்ச மாதிரி ஆயிடும். ஆனா மாத்தணும்." ஹெல்மெட்டை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டார். "பிளாட்பாரம் மட்டும் மாறக்கூடாது."

பத்திரிகையில் இந்த மாதிரி வேலையில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருந்தது. ஒருமுறை நாங்கள் எழுத்துருவை மாற்றினோம், பத்தியின் அகலத்தை மாற்றினோம், பெயர்ப்பலகையின் நிறத்தை மாற்றினோம். ஒரு வாசகர்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே நாளில் ராசிபலனை ஐந்தாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். அன்று முழுக்க டெலிபோன் ஓயவில்லை. "என் ராசிக்கு அஷ்டமத்துல சனின்னு தெரிஞ்சே எட்டாம் பக்கத்துல போட்டிருக்கீங்க" என்று ஒருவர் சொன்னார். மறுநாளே ராசிபலன் ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பியது.

அந்தப் பாடத்தைத்தான் மைத்துனனுக்குச் சொன்னேன். எந்தப் பக்கத்தின் பெயரையும் மாற்றாதே. முகவரியை மாற்றாதே. தலைப்பை மாற்றாதே. உள்ளே இருக்கும் ஒரு சொல்லைக்கூடத் தொடாதே. நிறத்தை மட்டும் மாற்று.

"இத்தனைதானே மாமா" என்றான்.

பழைய பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாக முழுவதும் பார்த்தேன். வாசகம் முடிந்த பிறகும் கீழே நீளமாக வெற்றிடம் போய்க்கொண்டே இருந்தது. பத்திரிகைக்காரனுக்கு வெற்றிடம் பிடிக்காது. அங்கே ஒரு விளம்பரமாவது போகலாம் என்று தோன்றும்.

"இது என்ன, கீழே இவ்வளவு காலியா இருக்கு?"

"காத்தோட்டத்துக்கு மாமா" என்றான்.

பெட்ஷீட்டுக்கு என்ன நிறம் வேண்டும் என்று முடிவு செய்ய விஜயநகர் வீட்டுக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. மைத்துனன் பழைய பக்கத்தைத் தாளில் அச்செடுத்து வந்திருந்தான். பரிசோதகரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவரைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவரைக் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவார்.

"ரீ, பேடா, வேண்டாம். சொன்னாக் கேளுங்க, அதைத் தொடாதீங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நல்லா ஓடறதைக் கழட்டிப் பாக்கறதே இவருக்கு வேலை. மிக்ஸியை இப்படித்தான் கழட்டினார். இப்ப நான் அம்மியில அரைச்சிட்டிருக்கேன்."

"மிக்ஸியில மோட்டார் ஏற்கெனவே போயிருந்துது" என்றார் பரிசோதகர்.

"சத்தம் வந்துதுன்னு கழட்டினீங்க. இப்ப சத்தமே வரல."

மைத்துனன் காபியைக் குடித்தான். பதில் சொல்லாமல் இருப்பதற்கு அது நல்ல வழி.

"உங்களுக்கு விஷயம் தெரியாதுப்பா" என்றார் அந்த அம்மா. "பம்பாய்ல எங்க பையன் இருக்கான். ஒரு சீசன் மாடி காலியா இருந்தாலும் போதும், வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கன்னுட்டான். இவரும் அவன் எதிர்ல பெரிசா தலையாட்டிட்டு வந்துட்டார். பதினோராவது மாடி. துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியில ஒரு கம்பி. கீழ பாத்தா மனுஷங்க எறும்பு மாதிரி. நான் போகமாட்டேன். டிசம்பர்ல மாடி ரொம்பியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"ரொம்பும்மா. பிளாட்பாரம் மாறாம பாத்துக்கிறோம்" என்றேன்.

அவர் மேசை மேலிருந்த அச்சுத்தாளை அப்போதுதான் எடுத்துப் பார்த்தார். தன் வீட்டின் வெப்சைட்டை அவர் பார்ப்பது அதுவே முதல்முறை. தாளின் நான்கு மூலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி அங்கேயும் பார்த்தார்.

"இது என்னது, சாவுக்காகிதமா?"

தாளை எங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"மூலையில மஞ்சள் எங்க? இப்படி மொட்டையா ஒரு காகிதத்தை ஊரெல்லாம் அனுப்பியிருக்கீங்களே. நம்ம வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறதுதானே இது?"

"ஆமாம்மா."

"பின்ன?"

என் பத்திரிகை வாழ்க்கையில் பக்க வடிவமைப்பு பற்றி நிறையப் பேர் நிறைய நேரம் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் முடிவு செய்ததில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் என்று தீர்மானமாயிற்று.

மைத்துனன் உள்ளங்கை அளவு மஞ்சளை நிஜமாகவே குழைத்து, தாளில் தடவி, அதை ஸ்கேன் செய்து, பக்கத்தின் பின்னணியாகப் போட்டான். அன்றைய வெப்சைட்டில் பின்னணிப் படத்துக்கு ஒரு குணம் உண்டு: அது ஒருமுறை வந்ததோடு நிற்காது. தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். நான்கு மூலைகளில் இருக்க வேண்டிய மஞ்சள் மேலும் கீழும் நடுவிலும் திட்டுத் திட்டாக வந்திருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல வந்த பரிசோதகரிடம் காட்டினோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அம்மை போட்டிருக்குப்பா" என்றார்.

"ரெண்டு வேப்பிலை படம் வெச்சிடலாமா சார்?"

"வாயை மூடு."

திட்டுகள் கூடாது என்றால் முழுவதும் மஞ்சளாக்கிவிடுவது ஒன்றுதான் வழி. ஆக்கினான். முகவரி அதேதான், பக்கங்களின் பெயர் அதேதான், சொற்கள் அதேதான். கறுப்பு எழுத்துகள் மஞ்சளில் இன்னும் நன்றாகவே எடுத்துக் காட்டின. விஜயதசமி அன்று திறப்பு என்று நாள் குறித்தார் பரிசோதகர். அதுவரை யாரும் திறந்து பார்க்கக்கூடாது என்று ஒரு கண்டிப்பும் போட்டார். நாங்கள் மேல்பாதியை மட்டும் சரிபார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

விஜயதசமி காலை இருவரும் வந்தார்கள். அந்த அம்மா வெங்காய மூட்டைகளுக்கு இடையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். கையில் சுண்டல் டப்பா. முந்தின நாள் ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் மானிட்டர் நெற்றியில் அப்படியே இருந்தன. பிரிண்டர் மேல் செவ்வந்திச் சரம். அவர் மானிட்டரைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மைத்துனன் பக்கத்தைத் திறந்தான்.

மஞ்சள் மேலிருந்து கீழே இறங்கியது. வீட்டின் படம் வந்தது. மாடிப்படிப் பிள்ளையார் பாதி வந்தார், பிறகு மீதி வந்தார்.

"இப்பத்தான் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா.

பரிசோதகர் மௌஸை வாங்கிக்கொண்டார். முன்னாலிருந்து கடைசிப் பெட்டி வரை பார்த்து முடிக்காமல் இறங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. கீழே கீழே போனார். வாசகம் முடிந்தது. காத்தோட்டத்துக்கு விட்டிருந்த இடம் வந்தது.

அங்கே காற்று இல்லை. நெருக்கியடித்துக்கொண்டு சொற்கள் இருந்தன. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து. ரூம் ரூம் ரூம் மைசூர் ரூம் மைசூர் ரூம் சீப் ரூம் பெஸ்ட் ரூம் ரூம் ரூம். பத்தி பத்தியாக.

"ஸ்ரீராமஜெயம் எழுதற மாதிரி எழுதியிருக்கியேப்பா" என்றார் அந்த அம்மா கனிவாக. "ரூம் ரொம்பணும்னு வேண்டுதலா?"

"ஆமாம்மா. கிட்டத்தட்ட வேண்டுதல்தான்" என்றான் மைத்துனன்.

பரிசோதகர் இன்னும் கீழே போனார். ரூம் தீர்ந்து வேறு ஆட்கள் வந்தார்கள். தாஜ்மஹால். கோவா பீச். இமாலயா. பாம்பாட்டி. மகாராஜா. யானை. ஃபைவ் ஸ்டார். மசாஜ்.

"ஹ... னி... மூன்" என்று எழுத்துக் கூட்டினார் அந்த அம்மா. "நம்ம வீட்டுலயா?"

பரிசோதகர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். எங்கள் சென்டரில் அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான்.

"இவங்கள்லாம் எங்க ஏறினாங்க?"

மைத்துனனுக்கு வேறு வழி இருக்கவில்லை, சொன்னான். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. தேடுதளம் தன் ஸ்பைடரை, அதாவது ஒரு சிலந்தி புரோகிராமை, ஊர் ஊராக அனுப்பிப் பக்கங்களைப் படிக்க வைக்கிறது. அதற்கு நிறம் தெரியாது, சொல் மட்டும்தான் தெரியும். எந்தச் சொல் எங்கே அதிகமோ அந்தப் பக்கத்தை மேலே வைக்கும். ஒண்ணாம் பிளாட்பாரத்தின் ரகசியம் அதுதான். இப்போது சொல் எதையும் தொடவேண்டாம் என்று மாமா சொன்னதால், எதையும் தொடாமல் மஞ்சளை மட்டும்...

"என் வீட்டுல தாஜ்மஹால் இருக்கா?"

"இல்ல சார். ஆனா வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் நிறையத் தேடறாங்க."

"அப்ப ஒருத்தன் தாஜ்மஹாலைத் தேடிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான்."

"ரீ" என்று அந்த அம்மா குறுக்கிட்டார். "போன வருஷம் ஒரு பையன் வந்தானே, பெட்டியைக் கீழே வெச்ச உடனே மொட்டை மாடிக்கு ஓடி நாலு பக்கமும் பாத்தானே. பீச், பீச்னு கேட்டான். நான் ஏதோ குளிக்கக் கேக்கறான்னு வெந்நீர் வெச்சுக் குடுத்தேன்."

பரிசோதகர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "சர்வீஸ் பூரா, பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டு ஒளிஞ்சு வர்றவனை இறக்கியிருக்கேன். பெர்த்துக்கு அடியில மூட்டைக்குப் பின்னாடி படுத்திருந்தவனை இறக்கியிருக்கேன். இப்ப என் வீட்டு சைட்டுல, அடியில ஒளிஞ்சுக்கிட்டு, இத்தனை பேர். எல்லாத்தையும் இறக்கு."

"இறக்கினா பிளாட்பாரம் போயிடும் சார்."

"போகட்டும்."

"போகட்டுமா?" என்றார் அந்த அம்மா. கையிலிருந்த சுண்டல் டப்பாவை மூடினார். நாங்கள் யாரும் இன்னும் ஒரு பிடிகூட எடுத்திருக்கவில்லை. "பதினோராவது மாடியில போய் நீங்க யார்கிட்ட டிக்கெட் கேப்பீங்க? லிஃப்ட்டுலயா?"

"பொய் சொல்லி ஆள் பிடிக்க மாட்டேன்."

"நான் சொல்லச் சொல்லல. ஆனா பம்பாய் வரமாட்டேன்."

இரண்டுமே நியாயம்தான். இரண்டும் ஒரே பக்கத்தில் இடம் பெற வேண்டியிருந்தது. பரிசோதகர் மைத்துனனைக் கேட்டார்: "அந்தச் சிலந்தி எப்ப வரும்?"

"கொத்தில்ல சார். எனக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது. சொல்லாம வரும்."

"ஸ்குவாட் மாதிரி."

"அப்படித்தான் சார்."

அவர் முகம் மாறியது. திடீர்ச் சோதனை என்பது அவருக்கு மரியாதைக்குரிய விஷயம். அதற்கு எதிரில் இத்தனை ஆட்களோடு பிடிபடுவதை அவர் மனம் கற்பனை செய்துகொண்டிருந்தது தெரிந்தது.

நான் கேட்டேன். "சார், ஓடற வண்டியில டிக்கெட் இல்லாத ஆளைப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க? உடனே இறக்கி விட்டுடுவீங்களா?"

"எப்படி இறக்கறது, அடுத்த ஸ்டேஷன் வரணுமில்ல? எக்ஸஸ் ஃபேர் போடுவோம். அபராதத்தோட காசு வாங்கி ரசீது குடுத்து, இடம் இருந்தா உக்கார வெப்போம். ரெகுலரைஸ் பண்றதும்பாங்க."

"இவங்களையும் ரெகுலரைஸ் பண்ணிடலாமே."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம். வாக்கியம் உண்மையா இருக்கணும். எழுத்து கறுப்பா, எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கணும். சொல் அங்கயேதான் இருக்கும். சிலந்தி வந்தா பாத்துக்கும்."

"தாஜ்மஹாலுக்கு என்ன உண்மை?"

அந்த அம்மா டப்பாவைத் திறந்தார். "இங்க தாஜ்மஹால் இல்லைன்னு எழுதுங்க. அதுதானே உண்மை?"

அடுத்த நாள் சாயங்காலம் விஜயநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். பத்திரிகையில் பல ஆயிரம் சொற்களை வெட்டியிருக்கிறேன். வெட்டக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் இருக்கை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உட்கார்ந்தது அந்த ஒருமுறைதான். மைத்துனன் ஒவ்வொரு சொல்லாகக் கூப்பிட்டான். பரிசோதகர் விசாரித்தார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"தாஜ்மஹால்."

"இந்த வீட்டிலிருந்து தாஜ்மஹால் தெரியாது" என்று எழுதினேன்.

"அப்படி மொட்டையா விட்டா எப்படி?" என்றார் பரிசோதகர். "போகணும்னு ஆசைப்படறவன் பாவமில்லையா? எங்க வண்டி மாறணும், எந்தப் பக்கம் ஜன்னல் சீட்டு வாங்கணும், எந்த ஸ்டேஷன்ல சாப்பாடு வாங்கக்கூடாது, எல்லாம் நான் சொல்றேன், எழுதுங்க." சொன்னார். தாஜ்மஹால் என்ற சொல் பழைய பக்கத்தில் வந்ததைவிட அதிகமாக வந்துவிட்டது.

"கோவா பீச்."

"கடல் கிடையாது. வெந்நீர் உண்டு" என்றார் அந்த அம்மா.

"பாம்பாட்டி."

"பாம்பாட்டி இல்ல. முருங்கை மரத்துல போன மழைக்கு ஒரு சாரைப்பாம்பு வந்துது. யாரும் ஆட்டல. அதுவா வந்துது, அதுவா போச்சு."

"மகாராஜா."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "காபி ரெண்டு நிமிஷம் லேட்டானா இந்த வீட்டுலயும் ஒரு மகாராஜா உண்டுன்னு போடுங்க."

"அது வேண்டாம்" என்றார் பரிசோதகர்.

"உண்மையா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

போட்டேன். ஃபைவ் ஸ்டாருக்கு, கரண்ட் போனால் மொட்டை மாடியில் ஐந்துக்கு மேலேயே நட்சத்திரம் தெரியும் என்று எழுதினோம். மசாஜுக்கு, சனிக்கிழமை எண்ணெய் கொடுக்கப்படும், தேய்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. யானை தசராவில் நிஜமாகவே தெருவில் போகும் என்பதால் அதற்கு அபராதம் இல்லை. ரூம் என்ற சொல்தான் ஆகக் கடினம், கூட்டம் அதிகம். முன் ரூமில் காலை வெயில் வரும், நடு ரூமில் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், பின் ரூமில் எதுவும் வராது, எதுவும் கேட்காது, கதவு மட்டும் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு ரூமுக்கும் நிறைகுறைகளை எழுதினோம். எல்லா ரூமும் உட்கார்ந்துவிட்டன.

கடைசியில் மைத்துனன் தயங்கினான். "ஹனிமூன் பாக்கி இருக்கு."

அந்த அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பரிசோதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்களுக்கு ஹனிமூன் கிடையாது, கல்யாணம் ஆன மறுநாளே டியூட்டியில போட்டுட்டாங்க, அதனால தனி அனுபவம் இல்லைன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மஞ்சள் பக்கம், கறுப்பு எழுத்து, ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இனிச் சிலந்தி வரவேண்டும்.

அது வந்தது, அல்லது வராமலே எங்களைத் தண்டித்தது. மைத்துனனுக்கும் புரியவில்லை. ஒரு வாரம் ஒண்ணாம் பிளாட்பாரமாகவே இருந்தது. பிறகு ஒரு காலை பரிசோதகர் வழக்கம்போலத் தட்டிவிட்டுக் கையைக் கட்டினார். பட்டியல் இறங்கியது. முதல் பக்கத்தில் அவர் வீடு இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. முதலில் இருந்தது ஆடும் குத்துவிளக்கு.

"ஸ்டேஷனுக்குள்ள விடாம அவுட்டர்ல நிறுத்திட்டான்" என்றார்.

ஒவ்வொரு நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் அவுட்டர். அந்த அம்மா ஊறுகாய் ஜாடிகளில் பாதியை என் மனைவியிடம் கொடுத்தனுப்பினார். பம்பாய்க்கு எடுத்துப்போக முடியாதாம். ஜாடிகளை எங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கும்போது என்னால் அவற்றின் ருசியைப் பற்றி யோசிக்க முடியவில்லை. பழைய வெள்ளை எழுத்துகளை இரண்டு நாளைக்கு மட்டும் திருப்பிப் போடலாமா என்று மைத்துனன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான். பரிசோதகரிடம் கேட்கும் தைரியம் இருவருக்கும் இல்லை. எங்கள் தயக்கத்தை எப்படித் தெரிந்துகொண்டாரோ, "நினைச்சுக்கூடப் பாக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

நவம்பரில் கடிதங்கள் வரத் தொடங்கின, மின்னஞ்சலில். முதல் கடிதத்தில் அறை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தாஜ்மஹாலுக்குப் போகும் வழியில் எந்த ஸ்டேஷனில் சாப்பாடு வாங்கக்கூடாது என்பதை இன்னும் விவரமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தது. பரிசோதகர் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் மிக நீண்ட பதில் எழுதினார். பின்னால் வரிசையில் நின்ற காலேஜ் பையன்களிடமிருந்து எழுந்த பெருமூச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. நான்காம் நாள் பதில் வந்தது. அவர் சொன்ன வழியிலேயே வருகிறார்களாம், மைசூரிலும் இறங்குகிறார்களாம், வெந்நீர் இருக்கும் வீட்டில் ஒரு ரூம் வேண்டுமாம்.

அதன் பிறகுதான் மைத்துனனுக்கு விளங்கியது. ரூம் இன் மைசூர் என்று தேடினால் நாங்கள் இன்னும் அவுட்டரில்தான் இருந்தோம். ஆனால் தாஜ்மஹாலுக்கு எப்படி ரயிலில் போவது என்று தேடினால் மேலேயே நின்றோம். கோவா அலுத்துப்போய் எங்கே போகலாம் என்று தேடியவர்களுக்கும் எங்கள் பக்கம் கண்ணில் பட்டது. கடல் இல்லை என்று தைரியமாக எழுதிய பக்கம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு கிழவி நெதர்லாந்திலிருந்து எழுதியிருந்தார்: பின் ரூம் கதவு ஒட்டிக்கொள்ளுமா என்று உறுதியாகத் தெரிய வேண்டும், தன் கணவருக்குத் தானாகத் திறந்துகொள்ளும் கதவென்றால் பயம்.

"எந்தப் பிளாட்பாரம்னு சொல்றது இப்ப?" என்று பரிசோதகர் கேட்டார்.

"ஜங்ஷன் சார்" என்றான் மைத்துனன்.

டிசம்பரில் தினமும் மின்னஞ்சல்களை அச்செடுத்து விஜயநகர் கொண்டுபோவது என் வேலையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் அச்செடுத்த தாள்களோடு போனபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பெட்டியோடு பம்பாய்ப் பையன் இறங்கிக்கொண்டிருந்தான். பையன் என்றால் என் வயதுதான் இருக்கும். பெரிய பெட்டி. அதற்குள் இன்னொரு காலிப் பெட்டி இருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது, அம்மாவின் சாமான்களுக்கு.

வாசலில் வரிசையாக ஆறேழு ஜோடிச் செருப்புகள், எல்லாமே பெரிய அளவு. உள்ளே ஹால் திவானில் மிக உயரமான ஒரு வெள்ளைக்காரர் கால்களை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் நெதர்லாந்துக் கிழவியும் அவர் கணவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரில் பரிசோதகர் ரயில்வே வரைபடத்தை விரித்து வைத்து, ஒரு சந்திப்பின் மேல் விரலை அழுத்திக்கொண்டிருந்தார். மகன் வந்து நின்றதை அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒரு விரலைத் தூக்கி, இரு, என்று காட்டிவிட்டு மறுபடி சந்திப்புக்குப் போனார்.

"அம்மா, நான் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றான் மகன், பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடியபடி. இடம் இல்லை. கையிலேயே வைத்திருந்தான்.

அந்த அம்மா கையில் சட்னிப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மாடிப்படியையும் திவானையும் பார்த்தார். உண்மையான கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதாப்பா?" என்றார். "வெயிட்டிங் லிஸ்ட்லயாவது போட்டு வெச்சிருப்பேனே."